விட்டுப் படித்த ஒரு சொல்

என் மனைவி இறந்து இரண்டு வருடமாகிறது. அவள் பாட்டை நிறுத்தி ஐந்து வருடமாகிறது. இறந்ததற்கு இதயத்தில் இருந்த அடைப்பு காரணம். பாட்டு நின்றதற்கு நான் காரணம். இதை இதுவரை நான்கு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அந்த நால்வருக்கும் அதைக் கேட்க உரிமை இருந்தது. மிகத் தாமதமாகத்தான் சொன்னேன்.

நாங்கள் இருவரும் தாராவியில் பிறந்தவர்கள். இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவை. நான் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் படித்து, மாலைக் கல்லூரியில் பட்டம் வாங்கி, ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வுபெற்றேன். அஞ்சல் வழியில் தமிழில் எம்.ஏ.வும் முடித்தேன். அவள் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு கல்யாணம் ஆகும்வரை அப்பளம் தேய்த்தாள். பிள்ளைகள் இல்லை. செம்பூரில் ஒரு ஹவுசிங் சொசைட்டிக் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அவள் பக்கத்து உறவுகள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஆபீசில் யாராவது "எங்கே இருந்தீர்கள்" என்று கேட்டால் "சயான்" என்பேன். சேரிக்காரர் என்று நினைத்துவிடுவார்களே என்று தாராவிக்காரர்கள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். வேலைக்கு மனுப் போடும்போது, பெண் கேட்டு வருகிறவர்களிடம், டாக்சிக்காரரிடம்கூட. பக்கத்து ஸ்டேஷன் சயான்தானே, முழுப்பொய் இல்லை என்று மனதுக்குச் சொல்லிக்கொள்வது. செம்பூருக்கு வந்த பிறகும் நான் அதை விடவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப்பேர் மாதுங்காக்காரர்கள். நான்கு தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்க்கிற குடும்பங்கள். அவர்களோடு சனிக்கிழமைகளில் கச்சேரிக்குப் போவேன். தாளம் போடக் கற்றுக்கொண்டேன். என் மனைவியை அழைத்துப் போனதில்லை. அவள் வருகிறேன் என்றும் சொன்னதில்லை.

அவள் வீட்டில் பாடுவாள். அடுப்படியில், எதையாவது தேய்க்கும்போது மட்டும். அது எனக்குக் குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் மாதிரி. நின்றால்தான் கவனிப்பேன்.

ஒருநாள் காலையில் தண்ணீர் ஃபில்டரைச் சுத்தம் செய்ய கம்பெனியிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். அவள் பக்கத்தில் நின்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்பேனர் சத்தம் நின்றுபோனது.

"பெரிம்மா, அத இன்னொரு தடவ பாடுங்க."

"எதுக்குல? நான் பாடலன்னா ஃபில்டர் ஓடாதா?"

"ஃபில்டர் ஓடும். என் கைதான் ஓட மாட்டேங்குது."

அவள் சிரித்துவிட்டுப் பாடினாள். அப்பளம் தேய்த்துக் கவிழ்த்த கூடைமேல் காயப்போடுகிற பெண்கள் பாடுகிற பாட்டு.

தேய்ச்சுப்போடு தேய்ச்சுப்போடு
மாமியா நாக்கத் தேய்ச்சுப்போடு
வட்டமாத்தான் வருமட்டும்
வலிக்க வலிக்கத் தேய்ச்சுப்போடு
கவுத்த கூட மேல போட்டுக்
காயட்டும் வெயிலு காயட்டும்

அவன் தாராவி, தொண்ணூறடி ரோட்டைச் சேர்ந்தவன். எந்தச் சந்து, யார் வீட்டுக்கு எதிரே என்று அவள் விசாரித்து முடிப்பதற்குள் அவன் மூன்று முறை பாட்டைக் கேட்டு போனில் பதிந்துகொண்டான். தானும் மூன்று நண்பர்களும் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருப்பதாகச் சொன்னான். இவன் கிட்டார். ஒருத்தன் பேஸ் கிட்டார், ஒருத்தன் டிரம்ஸ். கோவண்டியிலிருந்து வருகிற ஒரு பெண் பறை அடிப்பாள். ராக் பாட்டுதான், ஆனால் நம்ம ஆட்களுடைய பாட்டை வைத்து, என்றான். போகும்போது என்னிடம் வந்து, "பெரிப்பா, ஞாயித்துக்கிழமை பெரிம்மாவ கூட்டிட்டு வாங்களேன்" என்றான். மறுத்தால் அவள் முன்னால் நன்றாக இருக்காது என்பதால் சரியென்றேன்.

அவர்கள் பாடிப் பழகிய இடம் தாராவியில் தோல்பை செய்கிற ஒரு பட்டறையின் மேல்தட்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை இல்லை. பசை வாடைக்கு நடுவே அவள் முக்காலியில் உட்கார்ந்து, தொடையில் கை வைத்துத் தேய்க்கிற மாதிரி அசைத்துக்கொண்டே பாடினாள். கை அசையாமல் அவளுக்குப் பாட்டு வராது. இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீள இழுப்பு, பிறகு அப்பளக் குழவியைத் தூக்குகிற ஓர் இடைவெளி. பறை அடிக்கிற பெண்தான் முதலில் அதைப் பிடித்தாள். பாடலின் முதுகெலும்பு அந்த இடைவெளிதான் என்று மற்றவர்களுக்குச் சொன்னாள். அதன்பிறகு அவர்கள் கிட்டாரை மெதுவாக ஒற்றைத் தந்தியில் ஆரம்பித்து, பறையை அடியில் விட்டு, டிரம்ஸும் பேஸும் சேர்ந்து ஏறி, அந்த ஓர் இடத்தில் எல்லோரும் நிறுத்துவார்கள். அவள் மூச்சு எடுக்கிற சத்தம் மட்டும் மைக்கில் கேட்கும். மறுபடி எல்லாம் சேர்ந்து விழும். கச்சேரிகளில் எத்தனையோ ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். அன்றைக்கு என் முதுகு சிலிர்த்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

"பெரிம்மா, டெம்போ பாகுது, தோடா ஸ்லோ" என்பான் டிரம்ஸ் அடிப்பவன்.

"நான் எங்கல ஓடுதேன்? நீதான் பின்னால கெடக்க. மாவு காஞ்சிரும், வெரசா வா."

அந்தப் பதில் அவர்களுக்குள் ஒரு பேச்சாகிவிட்டது. யாராவது தாமதமாக வந்தால் "மாவு காஞ்சிரும்" என்பார்கள்.

முதல் நிகழ்ச்சி தாராவியில், பொங்கல் விழா மேடையில். அவள் பச்சை நூல்புடவை கட்டி, செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு மேடையேறினாள். எதிரே ஆயிரம் பேராவது இருப்பார்கள். இரண்டாவது முறை அந்த இடைவெளி வந்தபோது கூட்டமே சேர்ந்து மூச்சை இழுத்தது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூன்றாவது முறை முன்வரிசைப் பெண்கள் காற்றிலே குழவி தேய்க்க ஆரம்பித்தார்கள். தமிழ் தெரியாத மராத்திப் பையன்கள்கூடத் தேய்த்தார்கள். அவள் இறங்கி வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லாரும் என்கூட வேலை செஞ்ச மாதிரி இருந்திச்சு" என்றாள். அதற்குப் பிறகு நான்கு நிகழ்ச்சிகள். அந்த ஒரு வருடம் அவள் எடை கூடினாள், நன்றாகத் தூங்கினாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உரக்கப் பேசினாள்.

ஐந்தாவது நிகழ்ச்சி மாதுங்காவில், ஒரு நல்ல அரங்கத்தில். என் பழைய ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நான்தான் சொல்லியிருந்தேன். பெருமைதான். முன்வரிசையில் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். அப்பளம் தேய்க்கிற பெண்கள் பாட்டின் நடுவே ஒருவரையொருவர் கேலி செய்து புதிதாக வரி கட்டுவது வழக்கம். அவளும் ஒவ்வொரு மேடையிலும் ஏதாவது கட்டுவாள். அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கட்டினாள்.

ஆபீசு போற மாப்பிளைக்கு
அட்ரஸ் மட்டும் மறந்துபோச்சு
தாராவியில பொறந்தவரு
சயான்னு சொல்லித் திரிஞ்சவரு

அரங்கம் வெடித்தது. வந்திருந்த இளைஞர்களில் பாதி தாராவி. அவர்கள் எழுந்து நின்று "சயான், சயான்" என்று கத்தினார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த நண்பர் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், நீங்க சயான்னுன்னா சொல்லிண்டிருந்தேள்?"

"பாட்டுக்காகப் போட்டது" என்றேன்.

"அப்படியா. மாமி பிரமாதமாப் பாடறா சார். இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தேள்?"

அவர் மனதாரத்தான் சொன்னார். இப்போது அது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு என் காதில் அந்த "ஒளிச்சு" மட்டும்தான் விழுந்தது. முப்பத்தைந்து வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை அவள் நான்கு வரியில் போட்டு உடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "கோவமா? சும்மா வாயில வந்திச்சு. எல்லாரும் நல்லாத்தான சிரிச்சாவ."

"கோபம் ஒன்றும் இல்லை" என்றேன்.

அடுத்த வாரம் அவளுக்குத் தெரியாமல் அந்தக் கிட்டார்ப் பையனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவளுக்கு அசதியாக இருக்கிறது, அடுத்த ஷோவை அவள் இல்லாமல் நடத்திக்கொள்ளுங்கள் என்று. எங்கள் வீட்டில் ஒரே போன், என்னுடையது. அதில்தான் அவர்கள் எழுதுவார்கள். அவர்கள் தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்து தெரியாது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியும், ஆங்கில எழுத்து தெரியாது. நான்தான் நடுவே உட்கார்ந்து வாசித்துச் சொல்வேன்.

போன் மணி அடித்தபோது அவள் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவனுங்களா? என்ன எழுதிருக்கான்?"

அவன் எழுதியிருந்தது: பெரிம்மா இல்லாம ஷோ இல்ல.

நான் வாசித்தேன். "பெரிம்மா, ஷோ இல்ல."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவள் கையைப் புடவையில் துடைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து வந்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இதுல நாலு துண்டு இருக்கே. நீங்க மூணுதான படிச்சீய."

"ஆங்கில எழுத்தில் எழுதினால் அப்படித்தான் பிரிந்து வரும்" என்றேன்.

அவள் நம்பினாள். எம்.ஏ. படித்தவன் சொல்கிறான். போனைத் திருப்பித் தந்துவிட்டுக் கீரையிடம் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "குரலு வயசாயிட்டு போல. அதைச் சொல்லக் கூசிட்டு இப்படி எழுதுதான், பாவம்" என்றாள். அவனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாமே என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றவர்களிடம் போய் ஏன் என்று கேட்கிற வழக்கம் அவளுக்கு எப்போதும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

அவர்களுக்கு வேறொரு பொய் சொன்னேன். அவள் குரல்நாணில் கட்டி போல வந்திருக்கிறது, பாடவே கூடாது, போனில் பேசவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றேன். இரண்டு நாள் கழித்து நால்வரும் பைக்கில் வந்து கேட்டில் நின்றார்கள். வாட்ச்மேன் கூப்பிட, நான் கீழே ஓடினேன். அவள் தூங்குகிறாள் என்றேன். மேலே அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், நல்லவேளை பின்பக்க பால்கனியில். கோவண்டிப் பெண் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள். பனங்கற்கண்டு. "எங்கம்மா ஊர்லேர்ந்து வரவழச்சாங்க. தொண்டைக்கு நல்லது பெரிப்பா. பெரிம்மாவ அவசரப்படாம வரச் சொல்லுங்க, நாங்க வெயிட் பண்றோம்."

கடையில் வாங்கினேன் என்று சொல்லி அதை அவளிடம் கொடுத்தேன். அவள் தினமும் பாலில் போட்டு எனக்குக் கொடுத்தாள். நான் குடித்தேன். தீரும்வரை குடித்தேன்.

ஃபில்டர் கம்பெனியை மாற்றினேன். மாதத்துக்கொரு முறை "பெரிம்மா எப்படி இருக்காங்க" என்று செய்தி வரும். "அப்படியே" என்று பதில் போடுவேன். அவள் அடுப்படியிலும் பாடவில்லை. சப்பாத்தி தேய்க்கிற சத்தம் மட்டும் வரும், இரண்டு சின்னது, ஒரு நீளம், ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் நான் பேப்பரை மடக்கிவைத்துக் காத்திருப்பேன். ஒன்றும் வராது. ஒருநாள், "ஏன் பாடுவதே இல்லை" என்று கேட்கிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இருந்தது. "யாருக்குக் கேக்கணும்" என்றாள்.

மூன்று வருடம் கழித்து நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு மத்தியானம் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பிள்ளைக இப்பவும் பாடுதாவளா?"

"தெரியலை."

"பாடணும். அந்தப் பறை அடிக்க பிள்ளைக்கு நல்ல கை."

சொல்லியிருக்கலாம். அறையில் வேறு யாரும் இல்லை. அவள் என்னைத் திட்டியிருப்பாள், அல்லது சிரித்திருப்பாள், அல்லது முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். எதுவாக இருந்தாலும் தன் குரலை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் ஆரஞ்சுச் சுளையிலிருந்து நாரை எடுத்தேன். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அந்த மாதமும் செய்தி வந்தது. நான் பதில் போடவில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் போடவில்லை.

ஒன்றரை வருடத்துக்கும் மேல் அவள் குரலைத் தேட எனக்குத் தைரியம் வரவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை போனில் அந்த பேண்டைத் தேடினேன். பெரிய ஆட்களாகிவிட்டார்கள். ஏதோ ஒரு கல்லூரி மைதானம், கண்ணுக்கெட்டியவரை தலைகள். மேடை நடுவே ஒரு முக்காலியும் மைக்கும் காலியாக நின்றன. கிட்டார்க்காரன் சொன்னான். "எங்க பெரிம்மாவுக்குத் தொண்டை சரியில்ல. சரியானதும் வருவாங்க. அதுவரைக்கும் அவங்க இடம் அவங்களுக்குத்தான்." அதன்பிறகு பட்டறையில் பதிந்த அவள் குரல் வந்தது. மூச்சு இழுக்கிற இடத்தில் மொத்த மைதானமும் இழுத்தது. வேறு நிகழ்ச்சிகளையும் பார்த்தேன். பூனா, பெங்களூர், நாசிக். எல்லா மேடையிலும் அந்த முக்காலி, அந்த வாக்கியம். நான் சொன்ன தொண்டைப் பொய்யை அவன் ஐந்து வருடமாக ஊர் ஊராக, நம்பிக்கையோடு சொல்லிக்கொண்டிருக்கிறான்.

போன மாதம் செம்பூரிலேயே ஒரு மைதானத்தில் அவர்கள் நிகழ்ச்சி. மத்தியானம் மூன்று மணிக்குப் போனேன். ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிட்டார்க்காரன் என்னைப் பார்த்து மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தான்.

"பெரிப்பா, பெரிம்மா வந்திருக்காங்களா? எங்க, ரிக்ஷாலயா?" என் தோளுக்கு மேலாக கேட்டைப் பார்த்தான்.

"அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சுப்பா."

மற்ற மூவரும் வந்துவிட்டார்கள். கோவண்டிப் பெண் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். டிரம்ஸ்காரன், "தொண்டையிலயா பெரிப்பா?" என்றான்.

"இல்ல. ஹார்ட். தொண்டைக்கு ஒண்ணுமே இல்ல. நான் சொன்னது பொய்."

செய்தியை நான் வாசித்த விதத்தைச் சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. பனங்கற்கண்டையும் சொன்னேன்.

"அப்போ நாங்கதான் வேண்டாம்னோம்னு பெரிம்மா நெனச்சாங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா."

"கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்."

கிட்டார்க்காரன் மெதுவாகக் கேட்டான். "அந்த சயான் லைனுக்காகவா? அன்னிக்கு ஹால்ல கத்தினவன் ஒவ்வொருத்தனும் அதத்தான் சொல்லிட்டுத் திரியறான். என் பயோடேட்டால சயான்தான் இருக்கு. யாரு உங்களப் பாத்து சிரிச்சா?"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டாள். "நாத்து நடற பாட்டு ஒண்ணு, கல்யாணத்துல மாப்பிளைய வையற பாட்டு ஒண்ணு, தன்கிட்ட இருக்குன்னாங்க. அடுத்த ஞாயிறு சொல்லித்தரேன்னாங்க. உங்களுக்குத் தெரியுமா? வரி மட்டும் போதும்."

முப்பத்தெட்டு வருடம் அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டவன் நான். ஒரு வரிகூட வரவில்லை. மெட்டும் வரவில்லை. "தெரியாதும்மா" என்றேன்.

பிறகு கிட்டார்க்காரன், "நீங்க கெளம்புங்க சார். சவுண்ட் செக் இருக்கு" என்றான். குரலில் கோபம் இல்லை. எங்கள் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து அவன் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை.

நான் கிளம்பவில்லை. சாயங்காலம் டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் போய் நின்றேன். பாதி நிகழ்ச்சியில் முக்காலியைக் கொண்டுவந்து நடுவே போட்டார்கள். அவன் மைக்கருகே வந்து முக்காலியின் மேல் கையை வைத்தான். கூட்டம் அடங்கியது.

"எங்க பெரிம்மா போயிட்டாங்க. நாங்க உங்ககிட்ட இத்தனை நாளா தப்பாச் சொல்லிட்டோம். அவங்க தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

வேறொன்றும் சொல்லவில்லை. யாரையும் குறிப்பிடவில்லை. கிட்டாரில் ஒற்றைத் தந்தியைத் தட்டினான். பறை அடியில் சேர்ந்தது. என்னைச் சுற்றி நின்றவர்கள், அவள் பேரனாகவோ பேத்தியாகவோ இருந்திருக்கக்கூடிய வயசுக்காரர்கள், கைகளை முன்னால் நீட்டித் தேய்க்க ஆரம்பித்தார்கள். சிலர் அழுதுகொண்டே செய்தார்கள். என் கைகள் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர்களோடு சேர எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவள் குரல் வருவதற்கு முன்பே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப் இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஸ்பீக்கர்கள் பெரியவை. அங்கேயும் கேட்டது.